நாடியை ஆராய்ந்த குடும்ப டாக்டர்: ஸர் ஜேம்ஸ் மக்கென்ஸி

மனிதனுடைய இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை துடிப்பிலும் தாளம் பிசகாமல் இருப்பதே வியப்பு. ஒன்றிரண்டு பிசகுவது வியப்பன்று. ஆயினும், மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும்போது ஒரு துடிப்பு நின்று அடுத்தது வந்தால், விரல் வைத்தவரின் மனமும் கணநேரம் நின்றுவிடுகிறது. நம் நாட்டுச் சித்த வைத்தியர்களும் ஆயுர்வேதப் பண்டிதர்களும் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று மூன்று விரல்களால் நாடியை அளந்தார்கள். மேல்நாட்டு வைத்தியரும் பல நூற்றாண்டுகளாக நாடி பார்த்தே வந்தனர். எனினும், தாளம் தவறிய நாடிகளுள் எது அஞ்சத்தக்கது, எது அஞ்ச வேண்டாதது, அஞ்சத்தக்கதற்குக் கொடுக்கும் மருந்து உண்மையில் யாருக்குப் பயன்படுகிறது என்னும் கேள்விகளுக்கு நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாது பின்தொடர்ந்து விடை தேடியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் தலையாயவர் ஸர் ஜேம்ஸ் மக்கென்ஸி. அவ்வேலையைத் தொடங்கியபோது அவர் பெரிய கல்லூரியின் பேராசிரியர் அல்லர்; புகை மண்டிய ஒரு நெசவாலை நகரத்தில் வீடு வீடாகச் சென்று வைத்தியம் பார்த்த குடும்ப டாக்டர்.

ஸ்காட்லாந்து தேசத்துப் பெர்த்ஷயரில் ஸ்கூன் என்று ஓர் ஊர் உண்டு. பழங்காலத்தில் ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய இடம் அது. அதன் அருகே பிக்ட்ஸ்டன்ஹில் என்னும் பண்ணையில், விவசாயக் குடும்பத்தில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் சூட்டிகையான மாணவர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். பாடத்தை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் வித்தை அவருக்கு வரவில்லை. ஒன்றின் காரணம் விளங்கினாலொழிய அது அவர் நினைவில் தங்காது. பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு, பெர்த் நகரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பொடி இடிப்பதும் கஷாயம் கலப்பதும் சீட்டைப் படித்து மருந்து கட்டுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் யாருக்கு என்ன செய்கின்றன என்று அறியும் ஆவல் அந்தக் கடையில்தான் முளைத்தது போலும். 1874-இல், இருபத்தோராம் வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்து 1878-இல் பட்டம் பெற்றார். அவ்வூர் மருத்துவமனையில் சிறிது காலம் பணி செய்தபின், 1879-இல் இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயரைச் சேர்ந்த பர்ன்லி நகருக்குப் போய், அங்கு ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த இரு டாக்டர்களுடன் சேர்ந்துகொண்டார்.

லங்காஷயர் என்றால் நம் மூத்த தலைமுறையினருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. நம் கைத்தறிகளை முடங்கச் செய்து, கப்பல் கப்பலாக வந்து இறங்கி, பின்னர்ச் சுதேசி இயக்க நாட்களில் நம் வீதிகளில் கொளுத்தப்பட்ட மில் துணி அந்த வட்டாரத்தில் நெய்யப்பட்டதுதான். ஆனால் அதை நெய்த மக்களும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. நெருக்கமான வீடுகள், நிலக்கரிப் புகை, பெண்களும் சிறுவரும் உட்பட விடியலில் ஆலைக்கு ஓடும் கூட்டம் என்பதே அவ்வூர்க் காட்சி. சிறுவயதில் மூட்டு வீக்கச் சுரம் கண்டு இருதயத்தின் கதவுகள் கெட்டுப்போனவர்கள் அங்கே ஏராளம். நம் நாட்டிலும் அந்தச் சுரம் விட்டுச் சென்ற இருதய நோய் நெடுங்காலம் ஏழைக் குடும்பங்களை வாட்டியதை நாம் அறிவோம். மக்கென்ஸி பகலில் வீடுகளுக்குச் செல்வார். மாலையில் தம் மருந்தகத்தில் ஆலைத் தொழிலாளரைப் பார்ப்பார். இரவில் பிரசவத்துக்கு அழைப்பு வந்தால் எழுந்து போவார்.

அத்தகைய ஒரு பிரசவமே அவர் வாழ்வின் திசையை மாற்றியது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். இருதய நோய் உள்ள இளம் பெண் ஒருத்தி; மக்கென்ஸியின் பராமரிப்பில் இருந்தவள். பிரசவ வேதனையின்போது திடீரென்று மூச்சு முட்டி, அவர் கண் முன்பாகவே உயிர் துறந்தாள். அவளுக்கு அபாயம் நேரும் என்று முன்கூட்டி அறிந்திருக்க முடியுமா, அறிந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்ற வினா அவரை விடவில்லை. நூல்களைப் புரட்டினார். நாடி சீராக இல்லை என்றால் இருதயம் பழுது என்று எழுதியிருந்ததேயன்றி, எந்த ஒழுங்கின்மை எந்த முடிவுக்குக் கொண்டுபோகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாததற்குக் காரணமும் அவருக்குப் புலப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் நோயாளியைச் சில வாரங்களே பார்க்கிறார். முற்றிய நிலையில் பார்க்கிறார். பிறகு அவன் எங்கே போனான், எத்தனை ஆண்டு இருந்தான் என்பது அவருக்குத் தெரியாது. குடும்ப டாக்டருக்கோ அந்த மனிதனைப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை ஆராய்ச்சியாக மாற்றலாம் என்று எண்ணியதே அவருடைய பெருமை. எளிய எண்ணம்தான், ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒரு டாக்டர் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதி, அதை இருபத்தைந்து ஆண்டு காப்பது எளிதன்று.

விரலால் உணர்வதை மட்டும் நம்பாமல், நாடியைத் தாளில் பதிக்க விரும்பினார். புகைக்கரி பூசிய தாளில் மணிக்கட்டு நாடியை வரையும் சிறு கருவி அப்போது வழக்கில் வந்திருந்தது. மக்கென்ஸி அதனோடு இன்னொரு முள்ளைச் சேர்த்தார். கழுத்தில் ஓடும் சிரையின் மேல் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக வரும் அசைவை அந்த இரண்டாம் முள் எழுதும். இதனால் விளைந்த பயன் பெரிது. மணிக்கட்டு நாடி இருதயத்தின் கீழறை சுருங்குவதைக் காட்டும். கழுத்துச் சிரையின் அலையோ மேலறை சுருங்குவதையும் காட்டும். இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால், இருதயத்தின் எந்த அறை எப்போது வேலை செய்தது, எது தவறியது என்பது தெரிந்துவிடும். மார்பைக் கீறாமலே உள்ளே நடப்பதைப் படித்துவிடலாம். பிற்காலத்தில், பர்ன்லிக்கு அடுத்த பாடிஹாம் என்னும் ஊரில் கடிகார வேலை செய்துவந்த ஷா என்பவருடைய உதவியால், கரித்தாளுக்குப் பதில் நீண்ட காகிதச் சுருளில் மையால் எழுதும் கருவியை 1906-இல் அமைத்தார். அது உலகெங்கும் பரவியது.

இவ்வாறு ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தபின், தாளம் தவறும் நாடிகளை அவர் வகை பிரித்தார். முதல் வகை, சிறுவரிடமும் இளைஞரிடமும் காணப்படுவது. மூச்சை இழுக்கும்போது நாடி விரையும், விடும்போது தளரும். அது நோயே அன்று. இரண்டாம் வகை, பெரியவர்களிடம் காணப்படுவது. இடையே ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னே வந்து, பிறகு சற்று நீண்ட ஓய்வு வரும். பலர் இருதயம் ஒரு கணம் நின்று போயிற்று என்று பதறுவது இதனால்தான். இத்தகையவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த மக்கென்ஸி, வேறு நோய் ஏதும் இல்லாதவரை அந்த அவசரத் துடிப்பு மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை என்று கண்டார். இதனை இன்று படிப்பவர்கள் சாதாரணமாக எண்ணக்கூடும். அக்காலத்தில் எத்தனையோ இளைஞர் நாடியில் ஒரு பிசகு இருந்த ஒரே காரணத்தால் விளையாடக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, மணம் புரியக் கூடாது என்று தடுக்கப்பட்டு, நோயில்லாமலே நோயாளியாக முடங்கிக் கிடந்தார்கள். வைத்தியர் சொன்ன ஒரு சொல்லே அவர்களுக்கு நோயாயிற்று.

மூன்றாம் வகைதான் அஞ்சத்தக்கது. அதில் எந்த ஒழுங்கும் இராது. ஒரு துடிப்பு பெரிது, அடுத்தது சிறிது. ஓர் இடைவெளி நீளம், அடுத்தது குறுகல். நிமிஷத்துக்கு நூற்றிருபது, நூற்றைம்பது என்று கீழறை ஓடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுத்தால் தூங்க முடியாது. மூட்டுச் சுரத்தால் இருதயக் கதவு குறுகிய பெண்மணி ஒருத்தியை மக்கென்ஸி 1880 முதல் தொடர்ந்து பார்த்து வந்தார். பல ஆண்டுகள் அவள் நாடி சீராகவே இருந்தது; மேலறையின் அலை பதிவில் தெளிவாக விழுந்தது. 1890-களின் பிற்பகுதியில் ஒரு முறை பார்த்தபோது நாடி முற்றிலும் ஒழுங்கிழந்திருந்தது. அத்துடன் மேலறையின் அலை பதிவிலிருந்தே மறைந்துவிட்டது. மேலறை வேலை செய்யாமல் முடங்கிவிட்டது என்பதே அவருடைய முதல் முடிவு. ஆனால் அத்தகைய நோயாளிகள் இறந்தபின் இருதயத்தை ஆராய்ந்தபோது மேலறையின் சுவர் மெலியாமல் தடித்தே இருந்தது. முடங்கிக் கிடந்த தசை எங்ஙனம் தடிக்கும்? ஆகவே தம் முதல் விளக்கத்தைத் தாமே தள்ளிவிட்டு வேறொன்றை எழுதினார். அதுவும் முழுதும் சரியன்று. உண்மையில் மேலறை சுருங்காமல் புழுக்கூட்டம் நெளிவதுபோல் ஓயாது நடுங்கிக்கொண்டிருந்தது. மின்பதிவுக் கருவியைக் கொண்டு 1909-இல் இதனை நிறுவியவர்களுள் ஒருவர், மக்கென்ஸியிடம் ஊக்கம் பெற்ற இளைஞர் தாமஸ் லூயிஸ். அதே ஆண்டில் வியன்னாவில் ராத்பெர்கர், வின்டர்பெர்க் என்னும் இருவரும் அதே முடிவுக்கு வந்தார்கள். ஆக, மேலறை நடுக்கம் என்ற பெயர் மக்கென்ஸி வைத்ததன்று. ஆனால் அந்த நோயை நோயாளியின் படுக்கையருகே அடையாளம் காட்டி, அதன் போக்கை வகுத்தவர் அவரே. தாம் கண்ட இருதயங்களை லண்டனில் இருந்த ஆர்தர் கீத் என்னும் உடற்கூற்று அறிஞருக்கு அவர் அனுப்பி வந்தார். அந்தக் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக் என்னும் மாணவரும் இருதயத் துடிப்பு தொடங்கும் முடிச்சை 1907-இல் கண்டுபிடித்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். டிஜிடாலிஸ் என்னும் செடி ஐரோப்பியக் காட்டுச் செடி; ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும். நீலகிரியிலும் காஷ்மீரிலும்கூட இது பயிராக்கப்பட்டதுண்டு. நீர்கோத்து வீங்கியவர்களுக்கு நாட்டு வைத்தியம் செய்த ஒரு கிழவியின் மூலிகைக் கூட்டில் இந்த இலை இருந்ததை அறிந்து, பர்மிங்ஹாமில் இருந்த வில்லியம் விதரிங் என்னும் டாக்டர் அதனைப் பத்தாண்டு சோதித்து, 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதையை 1785-இல் நூலாக வெளியிட்டார். குணமானவர்களை மட்டும் எழுதாமல், பலன் காணாதவர்களையும் சேர்த்து எழுதியது அவர் நேர்மை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையைப் பின்பற்றவில்லை. வீக்கம் என்றால் டிஜிடாலிஸ், படபடப்பு என்றால் டிஜிடாலிஸ், சுரம் என்றாலும் டிஜிடாலிஸ் என்று ஆயிற்று. நஞ்சுக்கும் மருந்துக்கும் நூலிழை வேறுபாடே உள்ள இலை அது. அளவு மிஞ்சினால் குமட்டல், வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம். இன்னும் மிஞ்சினால் இருதயத் தாளமே கெட்டு மரணம். அளவு குறைந்தால் யாதொரு பயனும் இல்லை. அக்காலத்து டாக்டர்கள் பலர் அச்சத்தால் சொட்டுக் கணக்கில் கொடுத்து, நோயாளி தேறினால் மருந்தைப் புகழ்ந்தும், தேறாவிட்டால் விதியை நொந்தும் வந்தனர்.

மருந்துக் கடையில் வளர்ந்த மக்கென்ஸிக்கு இந்த நிலை பொறுக்கவில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு முன், யாரிடம் வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எல்லா இருதய நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டுப் பார்த்தால், பத்துப் பேரில் மூவருக்குக் கிடைத்த பெரும் நன்மை மற்ற எழுவரின் கூட்டத்தில் கரைந்து போகும். ஆதலின் நாடியின் வகையைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்தார். மருந்து தொடங்குமுன் ஒரு பதிவு, கொடுத்து வரும்போது பதிவுகள், நிறுத்தியபின் பதிவு என்று எடுத்தார். குமட்டலோ, துடிப்பு மட்டுமீறித் தளர்வதோ கண்டவுடன் மருந்தை நிறுத்தி, அது தணிந்தபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார். பர்ன்லியில் தொடங்கிய இவ்வேலையை, லண்டனுக்குச் சென்றபின் ஹாம்ஸ்டெட் பகுதியிலிருந்த மவுண்ட் வெர்னன் மருத்துவமனைப் படுக்கைகளில் இன்னும் ஒழுங்காக நடத்தி, 1911-இல் விரிவாக வெளியிட்டார்.

முடிவு வியக்கத்தக்கதாக இருந்தது. மேலறை நடுங்கி, நாடி ஒழுங்கிழந்து வேகமாக ஓடுகின்றவர்களுக்கு டிஜிடாலிஸ் அமுதம்போல் இருந்தது. நூற்றைம்பதுக்கு அருகே ஓடிய துடிப்பு சில நாட்களில் எண்பதுக்கு இறங்கிற்று. உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தவர் படுத்து உறங்கினார், வீக்கம் வடிந்தது. ஆனால் நாடி சீராக உள்ள இருதய நோயாளிகளிடம் அதே மருந்து துடிப்பைப் பெரும்பாலும் அவ்வாறு குறைக்கவில்லை. காரணமும் புலப்பட்டது. மருந்து மேலறையின் நடுக்கத்தை நிறுத்துவதில்லை. நடுக்கம் நடுக்கமாகவே இருக்கும். மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி செல்லும் ஒற்றையடிப் பாலத்தில் மருந்து ஒரு காவலனை நிறுத்துகிறது. நூற்றுக்கணக்கில் ஓடிவரும் செய்திகளில் சிலவற்றையே அக்காவலன் உள்ளே விடுவான். கீழறைக்கு ஓய்வு கிடைக்கும். இரத்தம் நிரம்பிப் பாய நேரம் கிடைக்கும். மேலறை நடுக்கத்தைக் குணமாக்காமலே அதன் கொடுமையைத் தடுக்கலாம் என்ற இந்த நுட்பம் இன்றும் வைத்திய முறையாக நிற்கிறது. பிற்காலத்தில் வேறு மருந்துகள் வந்து டிஜிடாலிஸின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட போதிலும், துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கம் மாறவில்லை. அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து பிரித்த டிகாக்ஸின் என்னும் சிறு மாத்திரையை நம் காலனியிலும் சில மூத்தோர் வீடுகளில் காணலாம். வாரத்தில் ஐந்து நாள் உண்டு இரண்டு நாள் விடும்படி நம் நாட்டு டாக்டர்கள் பலர் சொல்வது, முன்னே கூறிய அந்த நூலிழை வேறுபாட்டை அஞ்சியே. விடுபட்ட நாளை ஈடு செய்கிறேன் என்று மறுநாள் இரண்டாக விழுங்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மக்கென்ஸியின் சோதனையில் இன்றைய கண்ணுக்குக் குறைகள் தெரியும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் முறை அன்று இல்லை. படுக்கையும் ஓய்வும் செய்த நன்மை எவ்வளவு, இலை செய்தது எவ்வளவு என்பதைத் துல்லியமாகப் பிரிக்க அவரிடம் வழியில்லை. எனினும் அவர் கேட்ட கேள்வி எத்தனை கூர்மையானது என்பதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. நாடி சீராக இருந்தும் இருதயம் பலவீனமான 6,800 பேரிடம் டிகாக்ஸினைக் குலுக்கல் முறையில் சோதித்து 1997-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து உண்டவர்களிலும் வெறும் மாத்திரை உண்டவர்களிலும் இறந்தவர் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது மட்டும் சற்றுக் குறைந்தது.

இதைவிட உள்ளத்தை நடுங்கச் செய்வது மற்றொரு சோதனை. மாரடைப்புக்குப் பின் கீழறையில் அவசரத் துடிப்புகள் உள்ளவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று கண்டிருந்தார்கள். ஆகவே அத்துடிப்புகளை அடக்கினால் மரணம் குறையும் என்று யாவரும் நம்பினர். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்னும் இரு மருந்துகள் துடிப்புகளை மிக அழகாக அடக்கின. அமெரிக்க டாக்டர்கள் பல்லாயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சோதனை 1987-இல் தொடங்கிற்று. மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேரே. 1989-இல் அவ்விரு மருந்துகளையும் பாதியில் நிறுத்தினார்கள். தாளில் கோடு அழகாக வந்தது, ஆள் இல்லை. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மக்கென்ஸிதான் நினைவுக்கு வந்தார். பதிவு சீரானதா என்று பார்ப்பதோடு நில்லாமல், பதிவுக்குரியவர் ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று வீட்டுக்கே போய்ப் பார்த்தவர் அவர். அவசரத் துடிப்பைக் கண்டு மருந்துப் புட்டியைத் தேடாதீர் என்பதும் அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது. மாரடைப்புக் கண்டவர்களைக் குறித்தோ அந்தக் குறிப்பிட்ட மருந்துகளைக் குறித்தோ அவர் ஏதும் அறிந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வி அவருடையது.

அவருடைய சமகாலத்திலேயே தாளத்தைச் சீராக்கும் வேறொரு மருந்தும் தலைகாட்டியது. வென்கெபாக் என்னும் டச்சு டாக்டர் மக்கென்ஸியோடு நெருங்கிய அறிவுத் தொடர்பு உடையவர். அவரிடம் 1912-இல் ஒரு வியாபாரி வந்து, தம் இருதயம் தாளம் தவறும்போது ஒரு கிராம் கொயினா உண்டால் அடங்கிவிடுகிறது என்று தெரிவித்தாராம். டாக்டர் நம்பாமல் சோதித்துப் பார்த்தார். வியாபாரி சொன்னதே மெய்யாயிற்று. கொயினாவின் உறவான குவினிடின் இவ்வழியில் வந்தது. நீலகிரியில் நடுவட்டத்தில் சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினா எடுத்தது மலேரியாவுக்காகவே. அதே பட்டைக்கு இருதயத்தோடும் ஒரு கணக்கு இருந்தது.

மக்கென்ஸியின் பெயர் முதலில் பரவியது அவருடைய நாட்டில் அன்று. நாடியைப் பற்றிய அவர் பெருநூல் 1902-இல் வெளிவந்தது; இரண்டே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டது. அயல்நாட்டு மேதைகள் பர்ன்லிக்கு ரயிலேறி வந்தார்கள். லண்டன் நிபுணர்களுக்கோ, ஆலை நகரத்துக் குடும்ப டாக்டரிடம் கற்பதற்கு ஏதேனும் இருக்கும் என்று தோன்றவில்லை. 1907-இல், ஐம்பத்து நான்கு வயதில், நல்ல வருமானத்தை விட்டுவிட்டு அவர் லண்டனில் குடியேறினார். தொடக்கத்தில் நோயாளிகளே வரவில்லை. அந்த ஓய்வில் இருதய நோய்கள் பற்றிய நூலை 1908-இல் முடித்தார். பிறகு நிலைமை தலைகீழாயிற்று. காத்திருப்போர் கூட்டம் பெருகிற்று. 1909-இல் லூயிஸுடன் சேர்ந்து இருதய ஆராய்ச்சிக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். 1913-இல் லண்டன் மருத்துவமனையில் இருதயப் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. 1915-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் ஸர் பட்டமும் கிடைத்தன. முதல் உலகப்போரில் இருதயம் கெட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட போர்வீரர்களை லூயிஸ் முதலியோருடன் சேர்ந்து பரிசோதித்து, அவர்களில் மிகப் பலருக்கு மெய்யான இருதய நோய் இல்லை என்று காட்டினார்.

புகழின் உச்சியில் இருந்தவர் செய்த அடுத்த காரியம் நண்பர்களைத் திகைக்க வைத்தது. 1918-இல் லண்டனை விட்டுப் புறப்பட்டு, ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறிய கடற்கரை ஊருக்குச் சென்றார். நிபுணன் பார்ப்பது முற்றிய நோயை. நோயின் தொடக்கத்தைப் பார்ப்பவன் குடும்ப டாக்டர் ஒருவனே. ஆகவே ஆராய்ச்சியும் அவன் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. 1919-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, ஊர் டாக்டர்கள் ஊர் மக்களின் சிறு உபாதைகளையும் பதிந்து வரும்படி செய்தார். கருவிகளின் மேல் அளவுக்கு மீறிய பக்தியை அவர் விரும்பவில்லை. தாமே அமைத்த நாடிப் பதிவுக் கருவியையும், அதனால் கற்க வேண்டியதைக் கற்றபின், கண்ணும் காதும் விரலும் போதும் என்று ஒதுக்கினார். மின்பதிவுக் கருவியையும் ஓரளவு ஐயத்தோடே பார்த்தார். இதில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய நிலையமும் அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

இதற்கிடையே அவருடைய இருதயமே நோயுற்றிருந்தது. பல ஆண்டுகளாக மார்பில் வலி வந்து வந்து போயிற்று. தம் வலியையும் அவர் பிறர் வலியைக் குறிப்பதுபோலவே குறித்து வைத்தார். எவ்வளவு நடந்தால் வருகிறது, குளிர்காற்றில் எப்படி, உணவுக்குப் பின் எப்படி என்று எழுதி, மார்வலி பற்றி 1923-இல் வெளியிட்ட நூலில் பெயர் சொல்லாத ஒரு நோயாளியாகத் தம்மையும் சேர்த்துவிட்டார். உடல் தளர்ந்து லண்டனுக்குத் திரும்பிய அவர் 1925-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலமானார்.

இறந்தபின் தம் இருதயத்தை எடுத்து ஆராய வேண்டும் என்பது அவர் கட்டளை. அதை நிறைவேற்றியவர் அவரிடம் பயின்ற ஜான் பார்க்கின்ஸன். பிற்காலத்தில், 1930-இல், இளைஞர்களிடம் காணப்படும் ஒரு விபரீதத் தாளக் கோளாறை வேறிருவருடன் சேர்ந்து விவரித்தவர் இவரே. அக்கோளாறு உள்ளவருக்கு மேலறை நடுக்கம் கண்டால், ஆசிரியர் போற்றிய டிஜிடாலிஸே ஆபத்தாக முடியக்கூடும் என்று பின்னர்த் தெரிய வந்தது. மக்கென்ஸியின் இருதயம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டது. அவ்விடத்து உடற்கூற்றுப் பேராசிரியர் டேவிட் வாட்டர்ஸ்டன் அதனை ஆராய்ந்து 1939-இல் விவரம் வெளியிட்டார். இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் தடித்துக் குறுகியிருந்தன. தசையில் பழைய வடுக்கள் இருந்தன. தம் மார்வலியைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளுக்கு அருகில் அந்த விவரத்தை வைத்து இன்றும் படிக்கலாம்.